மகாலட்சுமி கையால்

நாற்பத்து மூன்று நாளாக மோனிகா இரவில் சரியாகத் தூங்கவில்லை.

ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் கணவன் விஜயராகவன் படுத்திருக்கிறானா என்று இருட்டிலேயே கை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள்.

பழைய பயம் இன்னும் தெளியவில்லை என்றுதான் அவர்கள் ஊரான நகரியில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாயுடுபேட்டை ரோட்டில் அவனுடைய காரை மறித்துப் பணப்பையைப் பிடுங்கினார்கள். டிரைவர் எழிலரசனை வெட்டிப் போட்டார்கள். விஜயராகவன் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடித் தப்பித்தான்.

அந்த வாரமே துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தான். வரவே வராது என்று எல்லோரும் மறந்துவிட்ட பிறகு, போன வாரம் வந்துவிட்டது.

இப்போது திருப்பதியில், மாடியில் இருக்கும் ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள், அவன், அவனுடைய அண்ணன் அண்ணாதுரை.

கடைக்காரர் நாகபூஷணம் சிவப்பு வெல்வெட் துணியை விரித்து இரண்டு பிஸ்டல்களை வைத்தார். ஒன்று பெரியது. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது.

"சூடண்டி, பாருங்க. ஒரு தபா அழுத்தினா ஒண்ணு போகும். அடுத்தது தானா மேல வந்து நிக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

மோனிகா பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். குண்டு முன்னால் போகிற வேகத்தில் மேல்பாகம் பின்னால் போகும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும்போது அடுத்த குண்டு ஏறிக்கொள்ளும். புரிந்தது.

அடுத்த குண்டைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. முதல் குண்டுதான்.

"இன்னாடா ராகவா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கூச்சப்பட்டுக்கினு? எடுத்துப் பாருடா" என்றார் அண்ணாதுரை.

விஜயராகவன் சிறியதை எடுத்தான். கை நடுங்கவில்லை.

காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தான். தானாகவே சவரம் செய்துகொண்டான். கேட்டு வாங்கி நாலு தோசை சாப்பிட்டான். புத்தூர் தாண்டும்போது அண்ணன் சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தான். தம்பி தேறிவிட்டான் என்று அண்ணாதுரைக்கு வாயெல்லாம் பல். மோனிகாவுக்கோ அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

"இதுக்கு லாக் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குதம்மா. கட்டை விரலால இப்படி." டிக்.

அவ்வளவுதான். ஒரு விரல்.

"எது அழுத்தறதுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?"

நாகபூஷணம் சிரித்துவிட்டார். "எல்லாரும் ஈசியா இருக்கறதக் கேப்பாங்க. கஷ்டமா இருக்கறதக் கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா."

"படிச்ச பொண்ணு சார், கேட்டுக்கினே இருக்கும்" என்றார் அண்ணாதுரை பெருமையாக. "திருடன் வந்தா இது கேக்கற கேள்விலயே ஓடிப்புடுவான்."

மோனிகா தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "வெட்னவங்க ஜெயில்லதான மாமா இருக்காங்க. இப்ப இது எதுக்கு?"

"உள்ள போனவன் வெளிய வரமாட்டானா? புருஷன் உசுரு மேல அக்கறை இல்லியா உனுக்கு?"

விளையாட்டாகத்தான் கேட்டார்.

"இதே இருக்கட்டும்" என்றான் விஜயராகவன். சிறியதுதான். அவளைப் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம். ஆனால் அவள் கையைத் தன் தலைமேல் வைத்து அவன் சத்தியம் வாங்கியிருந்தான். யாருக்கும் தெரியக் கூடாது, அதிலும் அண்ணனுக்குத் தெரியவே கூடாது.

கையெழுத்துகள் முடிந்தன. நாகபூஷணம் பிஸ்டலின் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார். பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி அதை எடுத்து வைத்து, பக்கத்திலேயே குண்டுப் பெட்டியையும் வைத்தார். சுவரிலிருந்த பெருமாள் படத்துக்குக் காட்டிவிட்டு, தட்டை நேராக அவளிடம் நீட்டினார்.

"எங்க கடை வழக்கம்மா. புது வண்டி சாவி குடுக்கற மாதிரிதான். வீட்டு மகாலட்சுமி கையால எடுத்துக் குடுத்தா, வாங்கறவருக்கு ஆயுசு கெட்டி."

அவள் எடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். ஏ.சி. குளிரில் இரும்பு சில்லிட்டிருந்தது.

விஜயராகவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான், தீர்த்தம் வாங்குகிறவனைப் போல. முகத்தில் அப்படி ஒரு அமைதி. கல்யாணத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

அண்ணாதுரை போட்டோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். "கொஞ்சம் சிரிம்மா மோனி."

அவள் கொடுக்கவில்லை. பிஸ்டலை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கடையில் எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

விஜயராகவன் வேண்டாம் என்பதுபோல் மிக மெதுவாகத் தலையசைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மூத்தார் அண்ணாதுரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவள் பேசியதே இல்லை. இப்போது பார்த்தாள்.

"மாமா, இத இவரு கையில குடுக்கக் கூடாது. போன மாசம் இவரு சாகப் பாத்தாரு. நாந்தான் கதவ ஒடச்சிக்கினு உள்ள போனேன்."