பார்க்க வேண்டிய இடம்

அமெரிக்கா போகிறவர்களிடமெல்லாம் பூமாலை ஒரு மியூசியத்தைச் சொல்லி அனுப்பினார். "இரண்டாவது மாடியில அம்மன் சிலை இருக்கு. பாதத்தைக் கிட்டப் போய் போட்டோ எடுங்க."

தகவல் தெரிந்து, புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்தார்.

"ஜெயங்கொண்டம் தாண்டாத ஆளு. அமெரிக்காவுல எந்த மாடியில என்ன இருக்குன்னு எப்படிய்யா தெரியும்?"

"டூர் போன பொண்ணு போட்டோ அனுப்புச்சுங்க. அதுல பாதம் சரியாத் தெரியல."

"பாதத்துல என்ன?"

"சுண்டுவிரல் நசுங்கியிருக்கணும். என் கையாலதான் நசுங்குச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "யாருக்குய்யா வித்தே?"

"அபிஷேகத்துல குடம் நழுவிடுச்சுங்க. அந்த அம்மன் எங்க ஊர்க் கோயில்ல இருந்ததுங்க, பூசாரி நான்தான். சிலை திருடு போனப்பவே இங்க மனு குடுத்தேன். போட்டோவைக் காட்டினதுக்கு, 'உங்க அம்மன்தான்னு அடையாளம் கொண்டு வா'ன்னு இதே நாற்காலியில இருந்த சார்தான் சொன்னாரு."