பென்சிலில் எழுதிய எண்

பக்கத்து வீட்டு தஹானியின் மடிக்கணினி என் முன்னால் திறந்திருந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஆறு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். அப்போது மணி நான்கு.

தஹானி வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தக் கண்டத்தை ஒருமுறை தாண்டியவள் என்பதால், எங்கள் தெருவில் யார் பள்ளியை முடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

விதி இதுதான். எழுபத்தைந்து கல்லூரிகள் வரை வரிசையாகப் போடலாம். மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். நம் மதிப்பெண் முதலில் எந்த வரியை எட்டுகிறதோ, அங்கே உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளதை யாரும் படிப்பதில்லை.

அதனால் எல்லாரும் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். ஒவ்வொரு கல்லூரிக்கு எதிரிலும் போன வருஷத்துக் கட்-ஆஃபைப் பென்சிலில் குறிப்போம். பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே.

நானும் பென்சிலில் எண் போட்டிருந்தேன்.

தஹானி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, நாலு, நாலு, அஞ்சுன்னு போட்டு வச்சிருக்க? நாலு மார்க்குக்கு சீட்டு குடுக்குற காலேஜ் எதுன்னு சொல்லு, எங்க அண்ணனையும் கொண்டுபோய்ச் சேத்துடலாம்."

அவள் அண்ணன் மூன்று முறை பரீட்சை எழுதித் தேறாதவன். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளை வாங்கி மடித்துவிட்டேன். அவள் மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள்.

என் மதிப்பெண் தொண்ணூற்று ஐந்து சதவீதம். உயிரியலில் முழுசு. முடிவு வந்த அன்று அம்மா தெரு முழுக்க ரோஜா சர்பத் கொடுத்தாள். அறிவியல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்தே நைல் கரையில் இருக்கும் எங்கள் ஊர் மித் கம்ரில் யாரும் என்னை ரிஹாப் என்று கூப்பிடுவதில்லை. தக்காளி நிறுக்கிறவர்கூட டாக்டரம்மா என்றுதான் சொல்வார். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, ரொம்பவே பிடித்திருந்தது.

அந்தப் பெயரைத் தொடங்கிவைத்தவர் அப்பா.

அப்பா சவூதியில், தம்மாம் நகரத்தில், மீன் வைக்கும் குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறார். எனக்கு ஆறு வயதில் போனார். இப்போது பதினெட்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறை. இதுவரை ஐந்து முறை வந்திருக்கிறார். ஒருநாள் இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் இருநூறு நாள்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாசலில் நின்று ஒரே பேச்சுதான் பேசுவார். நான் படிப்பை முடிக்கிற அன்றைக்கு அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். ஒரு நாள் முன்னாலும் இல்லை, ஒரு நாள் பின்னாலும் இல்லை.

அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நாலரைக்கு அவர் கைப்பேசியில் அழைத்தார். ஆகஸ்ட் வெயில் ஊரை உரித்துக்கொண்டிருந்தது. திரையில் அப்பா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் அவருடைய சகாக்கள் நாலைந்து பேர், அதே தொப்பியோடு.

"மருத்துவம் போட்டாச்சா, டாக்டரம்மா?"

போட்டாச்சுப்பா என்றேன். மன்சூரா மருத்துவக் கல்லூரி பட்டியலில் இருந்தது. எத்தனையாவது வரியில் என்று அவர் கேட்கவில்லை.

அவர் திரும்பி மற்றவர்களிடம் சொன்னார். ஒருவர் கல்யாண வீட்டுப் பெண்களைப் போல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். இன்னொருவர் தன் முதுகுவலிக்கு இப்போதே நாள் குறித்துத் தரச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

பிறகு அப்பா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நல்ல சேதி சொல்கிறவரின் முகம்.

"காலைலயே முதலாளிகிட்ட சொல்லிட்டேன்மா. என் இடத்துக்கு ஆள் பாக்காதீங்க, இன்னும் ஏழு வருஷத்துக்கு நான் இங்கதான்னு."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஒன்பது மணிக்கு மறுபடி அழைப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

மடித்த தாளைப் பிரித்தேன்.

மருத்துவம் கடைசி வரியில் இருந்தது. அதற்கு எதிரில் பென்சிலில் நான் எழுதியிருந்த எண்ணும் ஏழுதான்.

முதல் வரி, கல்வியியல் கல்லூரி. நாலு.

சேமி என்ற இடத்தை அழுத்தினேன்.

அதே நொடி சமையலறையில் அம்மா ஹா என்று மூச்சை இழுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் பூண்டு வாசனை வந்தது. முலுகியாக் கீரையில் தாளிப்பைக் கொட்டியிருக்கிறாள். அந்த மூச்சை இழுக்காவிட்டால் கீரை ருசிக்காது என்பது அவள் நம்பிக்கை.

திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. உங்கள் விருப்பங்கள் பதிவாகிவிட்டன. ஆறு மணி வரை மாற்றிக்கொள்ளலாம்.

மணி நாலு ஐம்பது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.