பதில் போகாத காலை

சமையலறை மேடைமேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. ராணுவத்திலிருந்து திரும்பிய கணவனிடமிருந்து பிடுங்கிய போனை அவள் விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அது பிடிபட்ட வண்டு போல உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அவன் தொடாத தட்டுக்கு முன்னால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். "கட்டினவகிட்ட வாய் திறக்க மாட்டீங்க. விடிஞ்சா போதும், பட்டாளத்துக்காரனுங்க குரூப்புல போய் உக்காந்துக்குவீங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?" அவன் தாடை இறுகுகிறது. "குடுடி." "தர மாட்டேன்." போன் அலறுகிறது. எடுத்து, "அவர் பேச மாட்டாரு, வைங்க" என்று எரிந்து விழுகிறாள். மறுமுனையில் ஒரு முரட்டுக் குரல் மூச்சு வாங்குகிறது. "தங்கச்சி, அவன் உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லு. தினமும் காலையில ஏழு மணிக்கு குரூப்புல எல்லாரும் 'இருக்கேன்'னு எழுதணும், அதான் எங்க ஏற்பாடு. போன மாசம் ஒருத்தன் எழுதல. தூங்குறான்னு நெனச்சு விட்டுட்டோம்."

அவள் கணவனைப் பார்க்கிறாள். அவன் இன்னும் சுவரைத்தான் பார்க்கிறான். அவளுடைய கோபம் தணியவில்லை. போனை அவன் முன்னால் படாரென்று வைக்கிறாள். "எழுதித் தொலைங்க." அவன் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தி முடிக்கும்வரை, அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.