இரண்டு டப்பா ஈயக் குண்டுகள்

மிசௌரியில், குழல் வழியாக வெடிமருந்து திணித்துச் சுடும் துப்பாக்கிக்கான மான் வேட்டைக் காலம் வந்துவிட்டால், ஹாலிஸ் வார்த்த ஈயக் குண்டுகளை அவன் மனைவி லொரெட்டா தராசில் நிறுத்துப் பிரிப்பாள். உள்ளே ஓட்டை விழுந்த குண்டு எடை குறையும். சுட்டால் விலகிப் போகும். பிரித்ததில் ஒரு டப்பா கணவனுக்கு, இன்னொன்று தன் தம்பி ராண்டலுக்கு.

ஆறு வருடமாக ஹாலிஸ் மான் கொண்டுவந்தான். ராண்டல் சாக்குப்போக்குதான் கொண்டுவந்தான்.

"அக்கா நல்ல குண்டையெல்லாம் புருஷனுக்கு ஒதுக்கிடறா. இந்தத் தடவை டப்பாவை மாத்திக்கலாம் மச்சான்" என்றான் காட்டில்.

ஹாலிஸ் மாற்றிக்கொண்டான்.

ராண்டலின் முதல் குண்டிலேயே பெரிய கொம்பு மான் சாய்ந்தது. "பாத்தியா? எல்லாம் குண்டுலதான் இருக்கு!" என்று ஊருக்குச் சொல்லக் கிளம்பிவிட்டான்.

வீட்டில் ஹாலிஸ் நடந்ததைச் சொன்னதும் லொரெட்டா திகைத்துப் போனாள்.

"அடப்பாவமே, உன் டப்பாவுல இருந்தது பூரா ஓட்டைக் குண்டு! நீ கிட்டப் போய்ச் சுடுவ, எதைப் போட்டாலும் படும். அவனுக்குத்தான் பாவம், நல்லதாப் பொறுக்கிக் கொடுத்துட்டிருந்தேன்."

ஹாலிஸ் காபியை ஒரு வாய் குடித்தான்.

"இனிமே அவனுக்கு ஓட்டையே கொடு. கோணல் கைக்குக் கோணல் குண்டுதான் நேராப் போகுது."