பெயில் மார்க் ஷீட்

கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஜன்னல் வெயில் மேசைமேல் கட்டம் கட்டமாக விழுகிறது. மின்விசிறிக் காற்றில் படபடக்கும், வேலையில்லாதவர்களுக்கான என் உதவித்தொகை விண்ணப்பத்தை அண்ணி மகேஸ்வரி வளையல் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறோம். பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. வருமானத்துக்குத் தாலுகா ஆபீஸ் கையெழுத்தும் இருக்கிறது. “பத்தாவது மார்க் ஷீட் எங்கம்மா?” என்கிறார் மேசைக்காரர். “அவ பெயிலுங்க சார்.” அண்ணியின் குரல் தணிகிறது. “பெயிலானவங்களுக்கும் பணம் உண்டும்மா, பெயிலுன்னு காட்டத்தானே கேக்கறேன்? அது இல்லாம வாங்க முடியாது.” அண்ணி என் பக்கம் திரும்புகிறாள். “பதிஞ்ச அன்னிக்கே கிழிச்சிப் போட்டுட்டேன்னியேடி!” கிழிக்கவில்லை. எங்கே போனாலும் கூடவே வரும் என் நோட்டின் அட்டைக்குள் நாலாக மடித்து ஒளித்திருந்ததை எடுத்து நீட்டுகிறேன். அண்ணி எட்டிப் பார்க்கிறாள். “கணக்குல பதினேழா? இருபத்தெட்டுன்னு சொன்ன, திருட்டுக் கழுத!” அவள் சிரிப்பு அறை முழுக்கக் கேட்கிறது. விண்ணப்பத்தின் மேல் முத்திரை தொப்பென்று விழுகிறது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருக்கிறது. வரிசையில் அடுத்து நிற்கும் பெண் தன் மார்க் ஷீட்டை விரித்து, “எனக்குப் பதினொண்ணுதாங்க்கா,” என்கிறாள், முதல் மார்க் வாங்கியவள் மாதிரி.