அடி வேர்

குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன்.

ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும். எனக்குக் கிடைத்த வெளியூர் வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று என் இரண்டு பெண்களையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

பெரியவளுக்கு வாய் நீளம். எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். சின்னவள்தான் என் கவலை. உயிர் போகிற பசி என்றாலும் வாய் திறந்து கேட்க மாட்டாள். சிரித்தே சமாளித்துவிடுவாள். ஒரு வருஷம் இந்த வீட்டில் அவளை யார் கவனிக்கப்போகிறார்கள்?

வீடு பளிச்சென்று இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்காரி பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓரத்துத் தொட்டியில் மேல்மண் வெளுத்துக் கிடந்தது. ஆகா, மாட்டினாள்! அவள் பார்க்காதபோது விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஜில்லென்று ஈரம்.

சும்மா சொல்லக் கூடாது, வெயில் படுகிற மண்தொட்டிக்கு ஒரு அளவு, சுவரோரத்து பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒரு அளவு. சிலதைத் தொடவே இல்லை.

ரோஜாவுக்கு ஊற்றியதும் அடித்தட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டது. நானாக இருந்தால் போதும் என்று நகர்ந்திருப்பேன். அவள் தொட்டியைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கனமே இல்ல பாருங்க. எல்லாம் ஓரமா வழிஞ்சு ஓடியிருக்கு, நடு வேருக்குப் போகவே இல்ல."

தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கினாள். குபுகுபுவென்று காற்றுக்குமிழிகள் வந்தன. அவை அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பிஸ்கட் தட்டு வந்தது. பெரியவள் கை நிறைய அள்ளினாள். சின்னவள், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சிரித்தாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத பெண்!

வீட்டுக்காரி வற்புறுத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. சின்னவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியைத் தான் தின்றாள். மீதியைச் சின்னவள் மடியில் வைத்துவிட்டு, ரோஜாவில் எப்போது மொட்டு விடும் என்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி காணாமல் போனது. அடுத்த பாதியும் போனது. தட்டு காலியாகிவிட்டது.

பொறாமையாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கெட்டிக்காரி! மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கதவு திறக்கும் சத்தம். "அப்பா!" என்று பெண்கள் இருவரும் ஓடினார்கள்.

வாசலில் நின்ற மனிதர் என்னைப் பார்த்தார். தன் புது மனைவியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. விவாகரத்து கேட்டு நான் கோர்ட்டுக்கு இழுத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

அவரோடு பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பெண்களின் துணிமணிப் பைகளை அவள் கையில் கொடுத்தேன்.

"பெரியவள அவரு பாத்துக்கட்டும். சின்னவள நீ பாத்துக்கோம்மா."