கிராஸ்ஓவர் இருநூற்றைம்பது

"எண்பதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. இருநூத்தம்பதுல வைங்க."

மகாராஜனுக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவிலில் பத்து வருஷமாக வீடு வீடாக ஹோம் தியேட்டர் மாட்டுகிறவன் அவன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தால்தான் திருப்தி என்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறான். இந்த வீட்டுக்காரர் சேக் மைதீனும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"பாய், கிராஸ்ஓவரை எண்பதுல வச்சா அதுக்குக் கீழ உள்ள கனத்த சத்தம் மட்டும் வூபர் பொட்டிக்குப் போகும், மத்தது ஸ்பீக்கருக்கு. நீங்க சொல்லுத மாதிரி வச்சா மனுசன் பேச்சும் வூபருக்குள்ள போயிரும். குடத்துக்குள்ள வாயை வச்சுப் பேசுத மாதிரி இருக்கும்."

"அதான் வேணும்."

ஹாலில் கிடந்த கார்பெட்டை மகாராஜன் வருவதற்கு முன்பே அவர் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார். வெறும் டைல்ஸில் வூபரை வைத்தால் தரையெல்லாம் இரையும், விரித்துவிடுங்கள் என்று சொன்னதற்கும் மறுத்துவிட்டார். சொல்பேச்சு கேட்காத ஆளிடம் என்னத்தைச் சொல்ல?

விவரம் சொன்னது அவர் மனைவி பர்ஹத்.

"புள்ளைக்குக் காது கேக்காதுன்னு மதுரையில கையை விரிச்சுட்டாங்க. ஆபரேசன் பண்ணியும் பிரயோசனம் இல்லையாம். ரெண்டு மாசம் நான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தேன். போன வாரம் கல்யாண வீட்டுல பெரிய பாக்ஸ்ல பாட்டுப் போட்டதும் இவ திரும்பிப் பாத்தா. கனத்த சத்தம் இவளுக்குக் கேக்குது அண்ணாச்சி."

நாலு வயசு அப்ரீன் பானு வூபருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சேக் மைதீன் நாளைக்கு ரியாத் போகிறார். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். கிளம்புவதற்குள் அவர் குரல் மகள் காதில் ஒரு தடவையாவது விழ வேண்டுமாம். மகாராஜனுக்குத் தான் மனசுக்குள் நினைத்ததை எண்ணி வெட்கமாகிவிட்டது.

மறுபேச்சில்லாமல் இருநூற்றைம்பதில் வைத்தான். சேக் மைதீன் போனில் பதிந்து வைத்திருந்த குரலை ஓடவிட்டார்.

"அப்ரீன், வாப்பா பேசுதேன்மா."

குரல் குழறலாக, கனத்து வந்தது. பிள்ளையின் கை நின்றது. திரும்பி வூபரைப் பார்த்தாள்.

பர்ஹத் அவளை வாரி எடுத்து முத்தமாகக் கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு வாரேன்" என்று பிள்ளையை இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள்.

மகாராஜனால் சந்தோஷப்பட முடியவில்லை. பிள்ளை திரும்பும்போது அவளுடைய இடது கை டைல்ஸில் அழுந்தியிருந்ததை அவன் பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவளைத் தூக்கி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, சத்தத்தைக் கூட்டி அதே குரலை மறுபடியும் ஓடவிட்டான்.

பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தாள். வூபர் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை ஓடவிட்டான். அப்போதும் இல்லை.

சொல்லாமல் விட்டால் இந்த மனுஷன் ஏமாந்துபோய் விமானம் ஏறுவார். சொன்னால் எந்தத் தெம்பில் ஏறுவார்? எப்படிப் பார்த்தாலும் பாவம்தான்.

"பாய், மனசைத் திடப்படுத்திக்கிடுங்க. புள்ளைக்குக் கேக்கல. தரை அதிருதது கையில தெரியுது. அவ்வளவுதான்."

உள்ளே பர்ஹத் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. சேக் மைதீன் போய் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சோபாவிலிருந்த மகளைத் தூக்கி வந்து மறுபடியும் வெறும் தரையில் உட்கார வைத்தார்.

"தெரியும் அண்ணாச்சி. இவ உம்மாவுக்குத்தான் தெரியாது."